டேக் தொங்கினால் தட்டக்கூடாது

எங்கள் லைன் வீட்டில் ஐந்து அறைகள். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தது போக மிஞ்சிய துண்டில் அப்பா கட்டியவை. வல்லம் வடகால் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஐந்து அறைகளுக்கும் ஒரே சட்டம். வெளித் தாழ்ப்பாளில் போட்டோ ஒட்டிய கம்பெனி டேக் தொங்கினால், உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்த ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். யாரும் தட்டக்கூடாது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தட்டக்கூடாது, கொரியர்காரர் தட்டக்கூடாது. என்ன அவசரமாக இருந்தாலும் அம்மாகூடத் தட்டமாட்டாள்.

சட்டத்தைப் போட்டதே அம்மாதான். முன்பு சுடலைக்கண்ணு என்று ஒரு அண்ணன் கடைசி அறையில் இருந்தார். பிரஸ் மெஷினில் வேலை. ஒருநாள் பகலில் தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று யாரோ கதவைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அன்றைய ஷிஃப்டில் மெஷின் அவருடைய விரல் நுனியை எடுத்துக்கொண்டது. எழுப்பியது யாரென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையோடு ஊருக்குக் கிளம்பும்போது, "யாரையும் ஏசாதீங்க அத்தை. இனிமே தூங்குத ஆள எழுப்பாம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே டேக் சட்டம் வந்துவிட்டது.

மூன்றாவது அறையில் பூமாரி அக்காவும் தங்கமாரி அக்காவும் இருந்தார்கள். இருவரும் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரே தெரு. காருக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் ஒரே லைன். ஆனால் ஒருத்திக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் மற்றவளுக்கு நைட். ஒரே பாய், ஒரே தலையணை. ஒருத்தி எழுந்து போன சூடு ஆறுவதற்குள் மற்றவள் வந்து படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இரண்டு பேரையும் சேர்ந்தாற்போலப் பார்க்க முடியும். அன்று துணி துவைத்துக்கொண்டே ஒரு வாரத்துப் பேச்சையும் பேசித் தீர்ப்பார்கள்.

பத்தாவதோடு நின்றுவிட்டதால் நான் எப்போதும் வீட்டில்தான். அறைகளின் முன்னால் பெருக்குவது, டிரம்மில் தண்ணீர் நிரப்புவது, மோட்டார் போடுவது எல்லாம் என் வேலை. யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?" என்று அம்மா நாளைக்கு ஒரு தடவையாவது கேட்பாள். பேசாமல் இருப்பவளிடம் மற்றவர்கள் பேசுவார்கள். தங்கமாரி அக்கா அப்படித்தான் பூமாரி அக்காவைப் பற்றி என்னிடம் சொன்னாள்.

பூமாரி அக்காவுக்குச் சில நாட்கள் எழுந்திருக்க முடியாது. காய்ச்சலோ தலைவலியோ இருக்காது. சும்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சாப்பிடமாட்டாள், தலை வாரமாட்டாள். நைட் ஷிஃப்ட் இல்லாத நாளிலும் அவளுடைய டேக் தாழ்ப்பாளில் தொங்கும்.

"அவளுக்கு மனசு கெடந்து அழுத்தும்ட்டி. அன்னைக்கு ஒருத்தர் மூஞ்சியும் பாக்க முடியாது. டேக்கத் தொங்கவிட்டா யாரும் வரமாட்டாவல்லா, அதான்" என்றாள் தங்கமாரி அக்கா. "நீ யார்ட்டயும் சொல்லிராத."

நான் யாரிடம் சொல்லப்போகிறேன்.

ஆனால் இன்னொன்று ஊருக்கே தெரியும். ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் பூமாரி அக்காவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. கை இரண்டும் இறுகிக்கொண்டன. "செத்துருவேன், நான் செத்துருவேன், யாராச்சும் காப்பாத்துங்களேன்" என்று அவள் போட்ட சத்தத்தில் ஐந்து அறைகளும் திறந்தன. ரோட்டு மேல் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலில் கோளாறு இல்லை, இது பயத்தால் வரும் மூச்சு என்றார்கள். மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். அதிலிருந்து மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தாள். மாத்திரையை எடுத்துத் தருவது தங்கமாரி அக்காவின் பொறுப்பு. ஷிஃப்ட் மாறும்போது தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த மூச்சு பிறகும் சில தடவை வந்தது. அம்மா அதற்கு வைத்தியம் பழகிக்கொண்டாள். கதவை அகலத் திறப்பாள். கூட்டத்தை விரட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னியப் பாரு. மெதுவா இழு. மெதுவா வுடு. அவ்ளோதான்" என்று முதுகைத் தடவுவாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அம்மாவுக்கு அதில் பெருமை உண்டு. "ஈ.சி.ஜி. மெஷினுக்குத் தெரியாத மூச்சு ராஜாமணிக்குத் தெரியும்" என்று தன் பெயரையே போட்டுக் கடைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

கார்த்திகை மழை விட்டபோது லைன் வீடு முழுக்கச் சளியும் காய்ச்சலும் வந்தது. யாரும் லீவு போடவில்லை. கம்பெனி கேட்டில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டிச் சூடு பார்ப்பார்கள். சூடு இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். அதனால் எல்லோரும் கிளம்பும்போதே காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நெற்றியைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே போவார்கள். அந்த வாரம் ஜன்னல் சீட்டுக்குச் சண்டையே நடந்ததாம்.

தங்கமாரி அக்கா அப்போது ஊரில் இல்லை. அவளுடைய தங்கைக்குக் கல்யாணம். போகும்போது பூமாரி அக்காவிடம் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, "நேரத்துக்குப் போடுட்டி" என்று நான் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னாள்.

பூமாரி அக்காவும் மாத்திரை போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போனாள். திரும்பி வரும்போது டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினாள். "கஷாயம் வெச்சுத் தரட்டா?" என்று அம்மா கேட்டதற்கு, "வேண்டாம் அத்தை, படுத்தா சரியாயிரும்" என்றாள். மறுநாள் காலையில் நான் பெருக்கப் போனபோது மூன்றாவது அறைத் தாழ்ப்பாளில் டேக் தொங்கியது. போட்டோவில் பூமாரி அக்கா, வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது, கண்ணை அகல விழித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருமல் கேட்டது. தண்ணீர் பிடிக்க அவள் வரவில்லை. அந்த மாதிரி நாள் ஒன்று வந்திருக்கிறது, தங்கமாரி அக்கா இல்லாததால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட நாளில் அவளுக்கு யார் முகமும் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். அம்மா கதவுப் பக்கம் போன என்னைக் கைகாட்டித் திருப்பினாள்.

"டேக் கீது பாரு. ஷிஃப்ட் மாறியிருக்கும், நைட்டு போய்ட்டு வந்து தூங்குது. எழுப்பாத."

அடுத்த நாளும் டேக் தொங்கியது. நான் அந்த அறைக்கு முன்னால் மட்டும் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துச் சத்தமில்லாமல் பெருக்கினேன். இருமல் குறைந்திருந்தது. தேவலையாகிவிட்டது போல என்று நினைத்தேன்.

மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. பூமாரி அக்காவின் லைன் சூப்பர்வைசர் எழிலரசன்.

"அம்மா, பூமாரி தங்கியிருக்கிற வூடுதான? ரெண்டு நாளா ஆளே வரல. போன் பண்ணா எடுக்கவும் இல்ல. வேலைக்கு வருமா வராதான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

"இன்னா சார் சொல்றீங்க? அது நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கிக்கினு கீது."

"நைட்டா? இந்த வாரம் அதுக்கு டே ஷிஃப்ட்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். போனை வைக்காமலேயே எழுந்து ஓடினாள். டேக்கைக் கழற்றாமல் கதவைத் தட்டினாள், பிறகு தள்ளினாள். உள்தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

அறைக்குள் வெப்பம் அடைத்துக்கொண்டிருந்தது. பூமாரி அக்கா பாயில் சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து பாதி படுத்திருந்தாள். மூச்சு வேகமாக, மேலோட்டமாக வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. பக்கத்தில் தட்டில் காய்ந்த பன் ஒன்று. சொம்பில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது.

"அடிப்பாவி, இதுதானா!" அம்மாவின் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. தெரிந்த எதிரியைப் பார்த்த நிம்மதி. கதவை அகலத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னியப் பாரு பூமாரி. மெதுவா இழு. மெதுவா வுடு. தங்கமாரி வந்துடுவா. ஒண்ணியும் இல்ல."

பூமாரி அக்கா கண்ணைத் திறந்தாள். "வுட்ருங்க அத்தை" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான்... கெடக்கேன்."

அம்மா விடாமல் முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் பூமாரி அக்காவின் தலை அம்மாவின் தோளில் சரிந்தது. சத்தம் குறைந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, அடங்கிப் போச்சு. போய் கஞ்சி வை" என்றாள்.

நான் கஞ்சி வைக்கப் போகவில்லை. மோட்டார் ரூம் பக்கம் போய்த் தங்கமாரி அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. கல்யாண வீடு.

"அக்கா, பூமாரி அக்காவுக்கு மூச்சு வாங்குது."

"எப்பமிருந்து?"

"தெரியல. ரெண்டு நாளா டேக் தொங்கிக்கினு இருந்துச்சு. காய்ச்சலும் கீது."

"சரி, நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. கத்துதாளா?"

"இல்ல."

"செத்துருவேன் செத்துருவேன்னு சொல்லுதாளா? உன் கையப் புடிச்சு நெரிக்காளா?"

"இல்லக்கா. கையே தூக்கல. வுட்ருங்க, கெடக்கேன்னு மட்டும் சொன்னாங்க."

மேளச் சத்தம் விலகியது. அவள் எங்கேயோ வெளியே வந்துவிட்டாள்.

"ஏட்டி சசி, நல்லாக் கேளு. அந்த மூச்சு வந்தா அவ வாய மூடவே மாட்டா. தெருவையே கூட்டுவா. சாகப் போறோமேன்னு பயந்து வர்ற மூச்சுல்லா அது. வுட்ருங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இது அது இல்லட்டி. ஒங்கம்மாட்டச் சொல்லி இப்பமே கூட்டிட்டுப் போ. போன கட் பண்ணாத."

நான் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பூமாரி அக்காவின் முகத்தை நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். உதடு கருத்திருந்தது. அம்மா அவளை என் தோளில் சாய்த்துவிட்டுத் தெரு முனைக்கு ஓடினாள்.

புருஷோத்தமன் அண்ணனின் ஷேர் ஆட்டோ சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெரு முனையில் இறக்கும். உள்ளே இருந்தவர்களை அவர் அங்கேயே இறக்கிவிட்டார். "எறங்கு எறங்கு, எமர்ஜென்சி. நடந்து போனா ஒடம்புக்கு நல்லது." பூமாரி அக்காவை அவரும் அம்மாவும் தூக்கி உட்கார வைத்தார்கள். ஆட்டோவில் பூமாரி அக்கா ஒரே ஒரு தடவை பேசினாள். "எதுக்கு அத்தை... இவ்ளோ பாடு." அம்மா அவள் வாயைப் பொத்துவது மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடியில் போன அதே ஆஸ்பத்திரிதான் கிட்டத்தில் இருந்தது. காய்ச்சல்காரர்கள் வராந்தா வரைக்கும் நின்றார்கள். நர்ஸ் ஒருவர் பூமாரி அக்காவைப் பார்த்ததும் கட்டிலில் படுக்க வைத்து விரலில் கிளிப் மாட்டினார். அதற்குள் ஆடியில் எழுதிய பழைய சீட்டைத் தேடி எடுத்துவிட்டார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்தார். காலையிலிருந்து உட்காராதவர் மாதிரி இருந்தார்.

"என்ன ஆச்சு?"

அம்மா நேர்மையான ஆள். தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுவாள். "மூச்சு வாங்குது சார். இதுக்கு அடிக்கடி வர்றதுதான். நரம்புக்கு மாத்திரை சாப்புடுது. ரெண்டு நாளா படுத்துக்கினே இருந்திருக்கு."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "ஆமா, போன தடவையும் ஆங்சைட்டிதான், பயத்துல வர்ற மூச்சு. ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது சிஸ்டர்?"

"எண்பத்தி ரெண்டு காட்டுது சார். ஆனா கை ஐஸா இருக்கு. மெஷின் சரியா எடுக்கல போல."

"சரி, மாத்தி மாட்டிப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டு அமைதியா படுக்க வைங்க. கொஞ்சம் தூங்கினா சரியாயிடும்."

நர்ஸ் ஊசி எடுக்கத் திரும்பினார். என் கையில் போன் இருந்தது. தங்கமாரி அக்கா இன்னும் லைனில் இருந்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. வாய் திறக்கவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். நான் ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"என்னம்மா இது?"

"அக்கா, பேசுங்க" என்றேன் போனிடம்.

"ஐயா, டாக்டரய்யா, நான் அவகூட இருக்கவ பேசுதேன்!" வார்டு முழுக்கக் கேட்டது. "அவளுக்கு அந்த மூச்சு வந்தா கத்துவாய்யா. கத்தியே ஊரக் கூட்டுவா. இப்பம் கத்துதாளான்னு பாருங்க. காய்ச்சல் அடிச்சிருக்கு, ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல. தூங்க ஊசி போட்டுறாதீங்கய்யா. முழிச்சிருந்தே மூச்சு விட முடியாம கெடக்கா, தூங்கினா எப்படி விடுவா?"

இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த ஒரு பெரியவர், "யாரு, கலெக்டரா?" என்று கேட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. போனைப் பார்த்தார், பிறகு பூமாரி அக்காவைப் பார்த்தார். நர்ஸை நிற்கச் சொன்னார். கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றெட்டு காட்டியது. பூமாரி அக்காவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டினார். எண்பத்தொன்று.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். வலது பக்கம் அடியில் காற்றே போகவில்லை என்றார். எக்ஸ்ரே படம் எடுத்ததும் எங்களிடம் காட்டினார். கறுப்பாக இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா. நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்கு அவரே போன் செய்தார். வண்டிக்காகக் காத்திருக்கும்போது அம்மாவிடம் வந்து, "அந்த ஊசி போட்டிருந்தா கஷ்டம் ஆயிருக்கும். கேட்டது நல்லதுதான்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவங்களுக்கு நிமோனியா வந்தா மத்தவங்களைவிட ஆபத்து ஜாஸ்திம்மா. அவங்களும் லேட்டா வர்றாங்க, நாங்களும் லேட்டா பார்க்கிறோம்" என்றார். போய்விட்டார். வராந்தாவில் கூட்டம் அப்படியே நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் பூமாரி அக்காவை ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அவள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், அட்டையோடு கொண்டுவாருங்கள் என்று ஒரு லேடி டாக்டர் வந்து சொன்னார். டாக்டர் உள்ளே போனதும் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"அத எடுத்துக்கினு வராத. அங்க நான் சொன்னதாலதான் ஊசியத் தூக்கிக்கினு வந்தாங்க. இங்கயும் சொன்னா நரம்பு கேஸுன்னு ஓரமாத் தள்ளிடுவாங்க. ஒரு மாத்திரையும் சாப்புடலன்னு சொல்லிடலாம்."

அம்மா சொன்னதும் சரியாகத்தான் பட்டது. நான் புருஷோத்தமன் அண்ணனோடு வீட்டுக்குப் போனேன். தலையணைக்கு அடியில் இரண்டு அட்டைகள் இருந்தன. காலையில் போடும் மாத்திரை தங்கமாரி அக்கா கொடுத்துவிட்டுப் போனபடியே இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தூக்கத்துக்குத் தந்த சின்ன மாத்திரை அட்டையில் எல்லாம் காலி. இதை மறைத்தால் உள்ளே இருக்கிறவர்கள் எதைத் தெரிந்துகொண்டு வைத்தியம் செய்வார்கள்? ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டேன். அம்மா பாத்ரூம் போயிருந்த சமயம், உள்ளேயிருந்து வந்த லேடி டாக்டரின் கையில் இரண்டு அட்டைகளையும் வைத்தேன்.

"இது... ஒண்ணுகூடப் போடல. இது எல்லாமே போட்டிருக்காங்க."

அவர் காலி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எத்தனை நாளைக்குள்ள?"

"தெரியல. போன வாரம்தான் குடுத்தாங்க."

"இது மூச்சையும் மந்தமாக்கும்மா. அதான் இவ்வளவு அசந்து கிடக்கிறா. இதைச் சொல்லலன்னா நாங்க வேற எதையோ தேடிட்டு இருந்திருப்போம்." அவர் ஓரமாகத் தள்ளவில்லை. அட்டைகளோடு உள்ளே வேகமாகப் போனார். அம்மா திரும்பி வந்து என் வெறுங்கையைப் பார்த்தாள். "குடுத்துட்டியா?" என்றாள். தலையாட்டினேன். "உங்கிட்ட பேசறதும் ஒண்ணு, செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கல்யாணச் சேலையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள் தங்கமாரி அக்கா. பூமாரி அக்காவின் அண்ணன் ஆறுமுகநயினாரும் வந்தார். முகத்தை இறுக்கி மூடும் மாஸ்க் வழியாக ஒரு மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. தொண்டைக்குள் குழாய் போடவேண்டி வரலாம் என்றார்கள். வரவில்லை. ஆனால் அதே வாரத்தில் சேர்ந்த மற்ற நிமோனியாக்காரர்கள் எழுந்து நடந்தபோது இவள் படுத்தேயிருந்தாள். சாப்பாட்டைத் தள்ளினாள், மூச்சுப் பயிற்சிக்கு ஊதச் சொன்னால் திரும்பிப் படுத்தாள். நுரையீரல் டாக்டர் மனநல டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து பேசி, காலை மாத்திரையை வேறு அளவில் மறுபடி ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஊத ஆரம்பித்தாள்.

ஆறுமுகநயினார் அண்ணன் அவளை நேராக ஊருக்குக் கூட்டிப் போவதாக இருந்தார். "இங்க தனியாக் கெடந்து சாகவா?" என்றார். மாதாமாதம் காட்டவேண்டிய டாக்டர்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறார்கள், நான் பகல் ஷிஃப்டே எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்று தங்கமாரி அக்கா சண்டை போட்டாள். கடைசியில் அவர் அம்மாவைப் பார்த்து, "நீங்க பாத்துக்கிடுவீங்களா?" என்றார்.

"தட்டித் தட்டி எழுப்பறேன், போதுமா?" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்த பூமாரி அக்காவுக்கு டிரம் வரைக்கும் நடந்தால்கூட இளைத்தது. லீவு சொல்லாமல் நின்றதால் வேலை போயிருந்தது. எழிலரசன் சார் வந்து, "தேறினதும் சொல்லும்மா, புது பேட்ச்ல கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சங்கடத்தோடு டேக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

ஒருநாள் வெயிலில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தவளிடம் நான் கேட்டேன். "காய்ச்சல்னு உங்களுக்குத் தெரியலையாக்கா?"

"தெரிஞ்சது." கூந்தலை விரலால் பிரித்துக்கொண்டே யோசித்தாள். "மொத நாளு காய்ச்சல்னு தெரிஞ்சது. பெறவு எது காய்ச்சல், எது அதுன்னு பிரிக்கத் தெரியல. ரெண்டுமே எந்திரிக்க விடாது. ரெண்டுலயும் சோறு எறங்காது. இருமிட்டே இருந்தேனா, தூங்கினாத் தேவலன்னு அந்தச் சின்ன மாத்திரையப் போட்டேன். முழிச்சா மறுபடியும் போட்டேன். சாகணும்னு போடல சசி. டாக்டரும் அதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு."

"யாரையாச்சும் கூப்ட்டிருக்கலாம் இல்ல?"

"கூப்பிட்டா வந்துருவீங்கன்னுதான் கூப்பிடல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

டேக் சட்டம் இன்னும் இருக்கிறது. மற்ற நான்கு அறைகளுக்கும் தூக்கம் வேண்டும், விரல்கள் வேண்டும். மூன்றாவது அறைக்கு மட்டும்தான் அந்தச் சட்டத்தால் எதுவும் சொல்ல முடியாமல் போனது. தங்கமாரி அக்காவின் டேக் அவளோடு பகல் ஷிஃப்டுக்குப் போய்விடும், அங்கே தொங்கவிட வேறு டேக் இல்லை.

நேற்று தங்கமாரி அக்கா வேலைக்குப் போன பிறகு அந்தக் கதவு சாத்தியே இருந்தது. வெறும் தாழ்ப்பாள். நான் பெருக்கிக்கொண்டே வந்து நின்றேன். இருமல் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. தூங்குகிறாளா, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளா என்று கதவைப் பார்த்துச் சொல்ல முடியாது. துடைப்பத்தைக் கீழே வைத்தேன். தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"என்னட்டி?"

"தண்ணி வருது" என்றேன். தண்ணீர் வரவில்லை.

"தூங்கிட்டிருந்தேன்லா. போ."

"சும்மா தூக்கமா?"

உள்ளே பாய் சரசரத்தது.

"சும்மா தூக்கந்தான். நீ போட்டி."

நான் அடுத்த அறை வாசலுக்கு நகர்ந்து பெருக்கினேன். மத்தியானம் கஞ்சி கொண்டுபோனபோது மறுபடியும் தட்டினேன்.